படம் யார் கையில் தங்குகிறது?

விஸ்காம் கடைசி ஆண்டில் இருக்கும் மாணவரிடம், வாய்ப்புக்குக் குறைவே இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கல்யாண ஸ்டுடியோ, சினிமா, விளம்பரம், பத்திரிகை, ஃபெலோஷிப், சர்வதேசப் போட்டி, படங்களை ஏற்றி விற்கும் ஸ்டாக் தளம் என்று பட்டியல் நீள்கிறது. கல்லூரிகள் சேர்க்கைக் காலத்தில் அச்சிடும் கையேடுகளிலும் இதே பட்டியலைப் பார்க்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை. இந்த வாசல்கள் எல்லாம் திறந்துதான் இருக்கின்றன. உள்ளே போனவர் என்னவாக வெளியே வருகிறார் என்பதைத்தான் யாரும் எடைபோட்டுச் சொல்வதில்லை.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். வேலை முடிந்தபின் மாணவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை அளவுகோலாக வைக்கிறேன். மாதச் செலவுக்குப் பணம் மிஞ்சலாம். தன் பெயரில் காட்டவும் விற்கவும் நூலாக்கவும் உரிமையுள்ள படங்கள் மிஞ்சலாம். எடுத்ததைப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று காரணத்தோடு சொல்லும் ஒரு மூத்தவரின் பழக்கம் மிஞ்சலாம். பணம் இல்லாமல் யாராலும் இந்தத் தொழிலில் நிற்க முடியாது என்பது உண்மை. ஆனால் பத்தாண்டு கழித்து ஒருவரைப் புகைப்படக் கலைஞராக நிறுத்துவது அவரிடம் சேர்ந்திருக்கும் படங்கள். நம் ஊரில் மாணவர்களுக்குக் கிடைக்கும் பெரும்பாலான வாய்ப்புகள் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பறைகள் மிகக் குறைவு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பை உருவாக்கியவரே அதன் முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவில் தொடங்கிவிட்டு, உடனே விலக்குகளை அடுக்குகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் தந்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித்தரும் தனி எழுத்தாளருக்கு இந்த விலக்கு கிடையாது. புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் ஆயுள் முழுவதும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. இத்தனை நீண்ட சொத்தை 22 வயது மாணவர் ஒரு நாள் கூலிக்கு, தனக்கே தெரியாமல், எழுதிக்கூட வாங்காதவரிடம் விட்டுவிட்டு வருகிறார். ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்ற சொற்கள் சட்டத்திலேயே இருப்பதால், ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் நிலைமை தலைகீழாகிவிடும். அந்த ஒரு பக்கத்தை எழுதக் கற்றுத்தராமல் மூன்று ஆண்டுகள் துளையளவும் ஷட்டர் வேகமும் மட்டும் கற்றுத்தருவதை முழுமையான கல்வி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் முதலிடம் கல்யாணத்துக்குத்தான். டிரடிஷனல் ஃபோட்டோ, டிரடிஷனல் வீடியோ, கேண்டிட், ட்ரோன், ஆல்பம் டிசைன், அவுட்டோர் ஷூட் என்று ஒரே திருமணத்தில் இன்று பலருக்கு வேலை இருக்கிறது. மாணவர் முதலில் லைட் பிடிக்கப் போகிறார், பிறகு செகண்ட் ஷூட்டர் ஆகிறார். கலைப் பள்ளிகளில் இந்த வேலையைத் தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. அது முற்றிலும் தவறு. மண்டபத்தில் மஞ்சள் பல்பும் எல்.ஈ.டி.யும் வீடியோக்காரரின் விளக்கும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். நடுவில் ஹோமப் புகை. கெட்டிமேளம் முழங்கும் அந்தச் சில நொடிகளில் அட்சதைக் கைகளுக்கு இடையே முகம் தெரிய வேண்டும், தாலி முடிச்சும் தெரிய வேண்டும், மறுபடி கட்டச் சொல்ல முடியாது. வெளிச்சத்தைப் படிக்கவும் கூட்டத்துக்குள் இடம் பிடிக்கவும் இதைவிடக் கடுமையான பயிற்சியை எந்தக் கல்லூரியும் தந்துவிடாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. முகூர்த்த நாட்கள் குவிந்து வருகின்றன. ஒரே நாளில் ஊரில் உள்ள எல்லா ஸ்டுடியோக்களுக்கும் ஆள் தேவைப்படும், அடுத்த மூன்று வாரம் யாருக்கும் தேவைப்படாது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன, புரட்டாசியிலும் பலர் தவிர்க்கிறார்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் வாங்கிய கடனின் தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்களின் நாட்காட்டி வேறு என்பதால், எல்லாச் சமூகங்களோடும் பழக்கமுள்ள ஸ்டுடியோ ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. தனியாள் தாக்குப்பிடிப்பது கடினம். ஆல்பம் கொடுக்கும்போது தருவதாகச் சொன்ன பாக்கித் தொகை வராமலே போவதும் இந்தத் தொழிலில் சாதாரணம். ட்ரோன் வாங்கினால் கூடுதல் வருமானம் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர்கள், 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளை முதலில் வாசிக்க வேண்டும். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கு விலக்கு உண்டு. அதைவிடக் கனமானதைக் காசுக்காகப் பறக்கவிட வேண்டுமானால் பயிற்சி பெற்று வாங்கிய பைலட் சான்றிதழ் தேவை.

உரிமையைப் பொறுத்தவரை நிலை இன்னும் மோசம். செகண்ட் ஷூட்டர் மாலையில் மெமரி கார்டை ஸ்டுடியோவில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். படம் ஸ்டுடியோவின் முத்திரையோடு வெளிவருகிறது. குடும்பத்தினரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் விளைவாக ஐந்தாண்டு உழைத்தவரிடமும் காட்டுவதற்கு ஒரு தொகுப்பு இருப்பதில்லை. ஸ்டுடியோவிடம் முன்கூட்டியே பேசி, குடும்பத்தின் அனுமதியோடு, சில படங்களைத் தன் பெயரில் காட்டிக்கொள்ள எழுத்தில் இசைவு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வாங்க முடிந்தால் கல்யாண வேலை நல்ல அடித்தளம். முடியாவிட்டால் அது பிழைப்பு மட்டும்தான், அந்த அளவுக்கே அதை மதிக்க வேண்டும்.

சினிமா பற்றிய கனவு சென்னை மாணவர்களிடம் வலுவாக இருப்பதில் வியப்பில்லை. கே.வி. ஆனந்த் ‘கல்கி’ உள்ளிட்ட இதழ்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1994இல் வந்த ‘தேன்மாவின் கொம்பத்து’ படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார். தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் படித்த பி.சி. ஸ்ரீராமே ஒரு தலைமுறைக்கு ஆசிரியராக இருந்தவர். ஆனந்தின் கதையை மாணவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது, அவர் வெறும் கையோடு போகவில்லை என்பது. இதழ்களில் தன் பெயரோடு வந்த படங்களைச் சேர்த்த பிறகே போனார். மூன்றாவதாக நான் சொன்ன அந்த மூத்தவரின் பழக்கம் சினிமாவில் கிடைப்பதுபோல் பல இடங்களில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டில்ஸ் வேலையில் எடுக்கும் படம் தயாரிப்பாளருக்கே சொந்தம். உதவியாளர் காலம் எத்தனை ஆண்டு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. சம்பளம் மெலிந்தது, சங்க அட்டை வாங்குவதற்கும் பணம் வேண்டும். சென்னையில் வீடு இருப்பவருக்கு இது ஒரு வழி. தென்காசியிலிருந்து வந்து அறை வாடகை கட்டுகிறவருக்கு அதே வழி பாதியில் முடிந்துபோகலாம்.

பத்திரிகைத் துறையைப் பற்றி நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் சேர்ந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ சன் டைம்ஸ் நாளிதழ் 2013 மே மாதத்தில் தன் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. படம் எடுக்கும் வேலை செய்தியாளர்களின் செல்பேசிக்குப் போனது. நம் ஊரிலும் மாவட்ட அளவில் செய்தியாளரே படமும் எடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நிரந்தர வேலை சுருங்கிவிட்டது. இருந்தும் என் அளவுகோலில் இந்தத் துறை மேலே நிற்கிறது. அதே 17ஆம் பிரிவு, பத்திரிகையில் பணிபுரிகிறவர் எடுத்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமையை மட்டும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, மற்ற உரிமைகளை எடுத்தவரிடமே விட்டுவைக்கிறது. வேறுவிதமாகக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆக, கல்யாணத்தில் எடுத்ததைவிடச் செய்திக்காக எடுத்த படத்தில் சட்டப்படி மாணவருக்குக் கூடுதல் பிடி இருக்கிறது. கண்காட்சி வைக்கலாம், நூல் போடலாம். நியமனக் கடிதத்தை வாசிக்காமல் கையெழுத்திடுகிறவர் இழப்பது இதைத்தான்.

விகடன் குழுமம் பல பத்தாண்டுகளாக நடத்திவந்த மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்தை இந்த வகையில் மிக உயர்வாக மதிக்கிறேன். படித்துக்கொண்டிருக்கும்போதே களத்துக்கு அனுப்பி, எடுத்துவந்ததை ஆசிரியர் குழு பார்த்துத் திருப்பிக்கொடுத்து, தேறியதைப் பெயரோடு அச்சிடுவது பெரிய விஷயம். தமிழில் விண்ணப்பித்து, தமிழில் வேலை செய்து, மாவட்டங்களிலிருந்தே நுழைய முடிந்த வாசல் அது. ஆங்கிலம் சரளமாக வராத மாணவருக்கு அத்தகைய வாசல்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

போட்டிகளைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. ஃபியாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும், 1950இல் தொடங்கிய சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பின் ஆதரவில் நடக்கும் சலோன்களுக்கு, நுழைவுக் கட்டணம் கட்டிப் படங்களை அனுப்பி, ஏற்கப்பட்டவற்றைக் கூட்டிப் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் புகைப்படச் சங்கங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வேறு வேலையில் இருந்துகொண்டு ஆர்வத்தால் படம் எடுப்பவருக்கு அது நிறைவான ஈடுபாடு. தொழில் தேடும் மாணவருக்கு அந்தப் பட்டத்தால் ஒரு வேலைகூட வருவதில்லை, செலவு மட்டும் வருகிறது. சோனி உலகப் புகைப்பட விருதின் மாணவர் பிரிவு அப்படியல்ல. நுழைவுக் கட்டணம் இல்லை, வெற்றி பெறுகிறவரின் கல்லூரிக்கு 30,000 யூரோ மதிப்புள்ள கருவிகள் கிடைக்கும். விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆண்டுக்கு ஒருவர் வெல்லும் பரிசை வாழ்க்கைத் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. எந்தப் போட்டியாக இருந்தாலும் விதிமுறைகளில் உரிமை பற்றிய பத்தியை முதலில் வாசிக்க வேண்டும். அனுப்பிய படங்களை எல்லாம் அமைப்பாளர் எக்காலத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தால், அங்கே பரிசு பெறுகிறவர் அமைப்பாளர்தான்.

ஸ்டாக் தளங்களின் காலம் மாணவரைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது என்றே சொல்வேன். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி புதியவருக்கு விற்பனையில் 15 சதவீதம்தான். விற்பனை கூடக் கூட விகிதம் ஏறும், ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லோரும் மறுபடி அடிமட்டத்துக்கு இறக்கப்படுவார்கள். ஒரு படத்துக்கு 10 அமெரிக்க சென்ட் கிடைத்த கதைகளும் அப்போதே வந்தன. இப்போது எழுத்தில் கேட்டால் செயற்கை நுண்ணறிவே படம் செய்து தருகிறது. 2023இல் அப்படிச் செய்த படத்துக்குக் கிடைத்த சோனி விருதை போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியக் கலைஞர் ஏற்க மறுத்து, புகைப்படத்தையும் செயற்கை நுண்ணறிவுப் படத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். சிரிக்கும் குடும்பம், மேசைமேல் மடிக்கணினி போன்ற எங்கும் எடுக்கக்கூடிய படத்துக்கு இனி விலை இல்லை. குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட மனிதரோடு பழகி எடுத்த படத்துக்கு அந்த ஆபத்து குறைவு.

அப்படிப் பழகி எடுத்தவர்களுக்கு நம்மிடமே எடுத்துக்காட்டு இருக்கிறது. மதுரைக்காரரான பழனிகுமார் பொறியியல் படித்தவர். மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர் வாழ்வையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்தார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பி. சாய்நாத் நிறுவிய ‘பாரி’ என்னும் ஊரக மக்கள் ஆவணக் காப்பகத்தில் சேர்ந்து, 2022இல் முதலாவது தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் எந்தப் பள்ளியிலும் புகைப்படம் கற்காதவர். தன் குடும்பத்தையும் சாதியின் சுவடுகளையும் எடுத்து 2021இல் மேக்னம் அறக்கட்டளையின் புகைப்படமும் சமூக நீதியும் ஃபெலோஷிப்பைப் பெற்றார். இருவரின் படங்களும் அவர்கள் பெயரோடு, அவர்கள் மண்ணோடு சேர்ந்தே அறியப்படுகின்றன. வேறு யாரும் போய் எடுத்திருக்க முடியாத படங்கள் அவை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இரண்டு வெற்றிக் கதைகளை வைத்து ஒரு பாதையை நிரூபிக்க முடியாது. அதே பாதையில் போய் நின்றுபோனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஃபெலோஷிப்கள் எண்ணிக்கையில் சில. விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் திட்ட விளக்கமும் கலைஞர் குறிப்பும் கேட்பவை. படம் நன்றாக இருந்தும், எழுதித்தர ஆள் இல்லாததால் அனுப்பாமலே விடுகிறவர்கள் உண்டு. நிதி கிடைத்தாலும் அது ஓராண்டுக்கு ஓடும், பிறகு மறுபடி வாசலில் நிற்க வேண்டும். ஆகவே இதை மட்டும் நம்பு என்று ஒரு மாணவரிடம் சொல்வது பொறுப்பற்ற செயல். ஆனால் மூன்று அளவுகளில் இரண்டை முழுமையாகத் தருவது இந்த வழிதான். மீதமுள்ள ஒன்றை, அதாவது பணத்தை, வேறிடத்தில் தேடிக்கொள்ள முடியும். எடுத்த படத்தின் உரிமையை வேறிடத்தில் தேட முடியாது.

டாக்காவைப் பார்க்கும்போது நாம் எதைத் தவறவிட்டோம் என்பது தெளிவாகிறது. ஷாஹிதுல் ஆலம் 1989இல் திரிக் என்ற புகைப்பட முகமையைத் தொடங்கினார். 1998இல் பாடசாலா என்ற பள்ளியைத் தொடங்கினார். 2000இல் சோபி மேளா என்ற திருவிழா வந்தது. படத்தை விற்க ஓர் இடம், கற்க ஓர் இடம், காட்ட ஓர் இடம் என மூன்றும் ஒரே வட்டத்துக்குள் அமைந்தன. 2013இல் டாக்கா அருகே இடிந்து விழுந்த ரானா பிளாசா ஆடைத் தொழிற்சாலைக் கட்டடத்தின் இடிபாட்டில் ஒருவரை ஒருவர் அணைத்தபடி இறந்துகிடந்த இருவரைப் படமெடுத்து உலகையே உலுக்கிய தஸ்லிமா அக்தர் அந்தப் பள்ளியில் படித்தவர். முனேம் வாசிஃப், சர்க்கார் புரோத்திக் போன்றவர்களும் அங்கே படித்து, பிறகு அங்கேயே கற்பித்தவர்கள். சென்னைக்கு இந்தத் துறையில் பழைய வரலாறு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே புகைப்படம் கற்பிக்கப்பட்டது. உதகையில் 2001இல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. 2016இல் சென்னை ஃபோட்டோ பியனாலே வந்தது. 2019இல் செனட் ஹவுஸ் அரங்கில் உலகக் கலைஞர்களின் படங்களை நம் மாணவர்கள் கட்டணமின்றி நின்று பார்க்க முடிந்தது. பள்ளியும் இருக்கிறது, திருவிழாவும் வந்துவிட்டது. மாணவரின் படத்தை அவர் பெயரில் வைத்துக்கொண்டு, உலகச் சந்தையில் விற்று, பங்கைக் கணக்கோடு அவரிடம் தரும் ஒரு முகமை மட்டும் தமிழகத்தில் உருவாகவே இல்லை. இத்தனை வாய்ப்புகள் இருந்தும் தொழில் வாழ்க்கைகள் உருவாகாமல் போவதற்கு மிகப் பெரிய காரணமாக இந்தக் குறையையே கருதுகிறேன்.

படங்களைச் சேர்த்துவைப்பதன் மதிப்பை நம் பழைய ஸ்டுடியோக்களே காட்டுகின்றன. 1880 முதல் 1980 வரை தமிழ் ஊர்களின் ஸ்டுடியோக்களில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்களைத் தேடிப்பிடித்து எண்மமாக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியோடு ஒரு திட்டமே நடத்தியது. அன்று யாரும் பொருட்படுத்தாத படங்கள் இன்று சமூக வரலாற்றின் சான்றுகள். இத்தகைய ஆவணக் காப்பக வேலை, படம் எடுக்கத் தெரிந்தவருக்கே பொருந்தும் ஒரு தொழில் என்பதையும் விஸ்காம் துறைகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. உரிமை, ஒப்பந்தம் என்று பேசுவது வசதியுள்ள மாணவருக்குச் சரி, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் ஸ்டுடியோ முதலாளியிடம் காகிதத்தை நீட்டினால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார் என்பது அந்த வாதம். முற்றிலும் உண்மை. தனி மாணவர் பேரம் பேச முடியாது என்பதால்தான் இதைக் கல்லூரியின் பொறுப்பு என்கிறேன். ஒரு துறை தன் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே மாதிரியான தமிழ் ஒப்பந்தப் படிவத்தைக் கொடுத்து, பயிற்சிக்கு அனுப்பும் ஸ்டுடியோக்களிடம் அதில் கையெழுத்து வாங்கினால், எந்த ஒரு மாணவரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. பெயர் போடுதல், குறைந்தபட்ச நாள் கூலி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் படங்களைத் தன் தொகுப்பில் காட்டும் அனுமதி ஆகிய மூன்று வரிகள் போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வருமானத்துக்குக் கல்யாண வேலையை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் செய்யக் கூடாது. முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் சொந்தத் தொகுப்புக்கு உரிய மாதங்கள். அந்தத் தொகுப்பு தன் ஊரைப் பற்றியதாக, திரும்பத் திரும்பப் போகக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். இதழ்களில் பெயரோடு வரும் வாய்ப்பு, கூலி குறைவானாலும், கல்யாணத்தில் வரும் பெரிய தொகைக்கு நிகரானது. கட்டணச் சலோன்களும் ஸ்டாக் தளங்களும் மாணவர் நேரத்துக்குத் தகுதியற்றவை. ‘கிரெடிட் தருகிறோம், காசு இல்லை’ என்று அழைக்கும் பிராண்டுகளிடம் போகவே கூடாது. அப்படியே போய்விட்டாலும், பணமோ பணமதிப்புள்ள எதுவுமோ பெறாமல், எதிலும் கையெழுத்திடாமல் எடுத்த படத்தின் உரிமை தன்னுடையதே என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரும் மாணவரும் ஸ்டுடியோ எவ்வளவு பெரியது, கேமரா எத்தனை என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பதிப்புரிமையும் விலை நிர்ணயமும் படக்குறிப்பு எழுதுவதும் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா, கடைசி ஆண்டுத் திட்டத்தின் படங்கள் மாணவருக்குச் சொந்தமா கல்லூரிக்குச் சொந்தமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் தர மறுக்கும் துறைக்கு வேலைவாய்ப்பைக் காட்டி மாணவர் சேர்க்கும் தகுதி கிடையாது.